கொப்புளம் கொண்டுவந்தவள்

"எந்த மகராசி இந்தச் சீக்கோட பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டது? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

தையல் கம்பெனியின் கீழ்த்தளத்தில் இருந்த குழந்தைகள் காப்பகமே அதிர்ந்தது. கத்தியவள் மாடியில் ஒரு பெரிய கூட்டத்தையே மேய்க்கும் சூப்பர்வைசர். இடுப்பில் அவள் மகன், மூன்று வயது வாலு.

வாலுக்கு இன்று ஆட்டமே இல்லை. உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் எல்லாம் கொப்புளம். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை. டம்ளரைப் பார்த்தாலே வீறிட்டான்.

தெருமுனை டாக்டரிடம் காட்டிவிட்டு நேராக இங்கேதான் வந்திருந்தாள்.

"வைரஸ்தாம்மா, தானா அடங்கிடும். ஆனா நீர் ஆகாரம் உள்ளே போகணும். போகலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து ட்ரிப்ஸ்தான்" என்றிருந்தார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே பயம். பயம் வந்தால் அவளுக்கு வாய் நீளும்.

"சொல்லுங்க ஆயாம்மா, யாரு அது?"

ஆயாம்மா பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். "எல்லாக் குழந்தையும் ஒரே பொம்மையைத்தான் மேடம் வாயில வைக்குது. நான் யாரைன்னு சொல்ல?"

"மழுப்பாதீங்க. உங்களுக்குத் தெரியும்."

ஆயாம்மா ஒரு ரப்பர் வாத்தை எடுத்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

இவளிடம் வாதாடிப் பயனில்லை என்று மேனேஜருக்குப் போன் போட்டாள். "சார், பையனுக்கு உடம்பு சரியில்லை. ரெண்டு நாள் லீவு வேணும்."

"விளையாடறீங்களா மேடம்? நாளைக்குச் சரக்கு லாரி ஏறணும். காய்ச்சல் மருந்தை ஊத்திக் காப்பகத்துல விட்டுட்டு வாங்க. கொப்புளத்துக்கெல்லாம் லீவா?"

போனை வைத்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இவனெல்லாம் பிள்ளை பெத்தவனா? கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இவன்கிட்ட இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது!"

"மேடம்..."

அவள் பிரிவில் பட்டன் சரிபார்க்கும் பெண். சாப்பாட்டு இடைவேளையில் தன் மகளைப் பார்க்க வந்தவள், கையில் கிண்ணமும் ஸ்பூனுமாக நின்றாள்.

"டம்ளர்ல குடுத்தா வாயெல்லாம் எரியும் மேடம். இது ஃப்ரிட்ஜ்ல வச்ச பால். ஸ்பூன்ல கொஞ்சமா, கன்னத்து ஓரமா விட்டுப் பாருங்க."

விட்டாள். வாலு முகத்தைச் சுளித்தான். விழுங்கினான். பிறகு தானாகவே வாயைத் திறந்தான்.

சூப்பர்வைசருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ நல்லாயிருப்பேடி! உனக்கெப்படி இது தெரியும்?"

"போன வாரம் என் பொண்ணுக்கும் இதேதான் மேடம். இப்படித்தான் குடிச்சா."

ஸ்பூன் பாதியில் நின்றது.

"போன வாரமா? அப்ப நீதானா அது! அறிவிருக்கா உனக்கு? தெரிஞ்சே கொண்டுவந்து விட்டியா?"

ஆயாம்மா குழாயை மூடினாள்.

"தெரிஞ்சதாலதான் மேடம் உங்ககிட்ட வந்து லீவு கேட்டேன்" என்றாள் அவள், தயங்கித் தயங்கி. "நீங்கதான், 'காய்ச்சல் மருந்தை ஊத்திக் காப்பகத்துல விட்டுட்டு வா, கொப்புளத்துக்கெல்லாம் லீவா'ன்னு சொன்னீங்க."