மறுக்கப்பட்ட பூசணிக்காய்

‘மறுக்கப்படுகிறது’ என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்து, தாளை மனைவியிடம் திருப்பி நீட்டினார் அதிகாரி.

அவள் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். மதியச் சாப்பாடு: சோறு, பருப்பு, பூசணிக்காய். பூசணிக்காயைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. இதுவரை அவர் எதையும் மறுத்ததில்லை.

காலை ஒன்பதரைக்கு மேசைக்குத் தாள் வரும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். கீரை என்றிருந்தால் கீரைக்குக் கையெழுத்து. முட்டை என்றிருந்தால் முட்டைக்கு. தேதி போட்டு, துளையிட்டு, கோப்பில் சேர்ப்பார். கோப்பின் மேல் ‘சமையலறை – நடப்பு’ என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார்.

ஓய்வு பெற்ற முதல் மூன்று வாரம் அப்படி இல்லை.

குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, போக ஓர் இடமில்லாமல் அடுப்படிக்கு வந்து நிற்பார். உப்பை ஏன் கையால் அள்ளுகிறாய் என்பார். வெங்காயம் ஏன் ஒரே அளவில் இல்லை என்பார். பிறகு அதுவும் நின்றுபோனது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

ஒரு நாள் வாய் தவறி, “இன்னைக்கு என்ன சமைக்கட்டும்?” என்று கேட்டுவிட்டாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எழுத்து மூலமா கொடு” என்றார்.

அன்றைக்குத்தான் முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

அதனால் இந்தத் தாள் விளையாட்டல்ல. அவளைப் பொறுத்தவரை அது மருந்து.

“ஏங்க, பூசணிக்காய் என்ன பாவம் பண்ணுச்சு?”

“பூசணிக்காய் மேல எனக்கென்ன கோபம்? வர்றதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டே இருந்தா, அப்புறம் அதிகாரின்னு ஒருத்தன் எதுக்கு?”

நியாயமான கேள்விதான். ஆனால் மகனுக்கும் மருமகளுக்கும் எட்டு மணிக்கே டப்பா கட்டியாக வேண்டும். அதனால் ஏழரைக்கெல்லாம் பூசணிக்காய் வெந்து இறங்கிவிட்டது. பாதி, டப்பாவில் ஏறி, பேருந்திலும் ஏறிப் போய்விட்டது. மீதி அடுப்பு மேடையில் மூடி போட்டு இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பாதியை மட்டும் மறைத்துவிட முடியுமா என்ன?

தினமும் இதே கதைதான். சமையல் முன்னால் நடக்கும், அனுமதி பின்னால் வரும். மூன்று மாதத்துக்கு மேலாக அது அவள் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பின்கட்டுக்குப் போய், வழியனுப்பு விழாவில் “ஏதாவதுன்னா கூப்பிடுங்கம்மா” என்று எண் கொடுத்த தலைமை எழுத்தரை அழைத்தாள். பதினெட்டு வருஷம் அதிகாரியிடம் வேலை பார்த்தவர். கணவருக்குத் துரோகம் செய்தவள் போலக் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.



“இதுல என்னம்மா தப்பு?” என்றார் தலைமை எழுத்தர். “நாங்களும் அப்படித்தானே. வேலையை முடிச்சுட்டுத்தான் ஐயாகிட்ட கோப்பை வைப்போம்.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அவர் திருப்பி அனுப்பிட்டா?”

“அரை மணி நேரம் விடுங்க. புதுத் தாள்ல பேரை மட்டும் மாத்தி வைங்க. பொருளை மாத்திடாதீங்க. பொருளை மாத்தினா ஐயா கண்டுபிடிச்சிடுவாரு.”

போனை வைப்பதற்கு முன், மரியாதைக்காக, புது அதிகாரி எப்படி என்று விசாரித்தாள்.

“இன்னும் யாரையும் போடலைம்மா. நாற்காலி காலியாத்தான் கிடக்குது.”

“ஐயோ! அப்போ வேலையெல்லாம்?”

“அது பாட்டுக்கு நடக்குது. இப்போ கொஞ்சம் சீக்கிரமாவே முடிஞ்சிடுது.”

பத்தரைக்குப் புதுத் தாள் மேசைக்குப் போனது. சோறு, பருப்பு, பரங்கிக்காய்.

ஒரே காய்தான். மஞ்சள் பூசணிக்கு ஊருக்கு ஒரு பேர். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் மேசை ஓரமாகவே நின்றாள்.

“பார்த்தியா? ஒரு தடவை திருப்பி அனுப்பினாத்தான் ஒழுங்கா வருது” என்று கையெழுத்தைப் போட்டார். வழக்கத்தைவிடப் பெரிய கையெழுத்து.

மதியம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். பூசணியைவிடப் பரங்கிக்குத்தான் ருசி என்று தீர்ப்பும் சொன்னார்.

பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், “காலையில போன்ல யாரு?” என்றார்.

“உங்க தலைமை எழுத்தர்.”

பிசைந்த கை நின்றது. நான்கு மாதமாக அவர் கேட்கத் துணியாத கேள்வி வெளியே வந்தது.

“ஆபீஸ்ல எப்படிப் போகுதாம்?”

அவள் கரண்டியை எடுத்துப் பரங்கிக்காயை ஒருமுறை கிளறினாள்.

“நீங்க போனதுலேருந்து ஒரு வேலையும் ஓடலையாம்.”

“பாவம்” என்றார் அவர், மனமார. “அவங்களுக்குக் கஷ்டம்தான்.”

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.