காய்ந்த சந்தனம்

பன்னிரண்டு மணிக்குள் முப்பத்தெட்டுக் குடும்பங்களின் வீட்டுப் பட்டியலை நான் அனுப்பியாக வேண்டும். எஸ்டேட் ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரோ ஏழாவது முறையாக, திறக்கும்போதே அணைந்தது.

“யாருக்கா ஃபேனுக்குள்ள துன்னூறு போட்டது?” பழுது பார்க்க வந்த பவன், கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிப் பார்த்துச் சலித்துக்கொண்டான்.

“எனக்கு முன்னால இங்க கணக்கெழுதுன கிராணி சுசீலாக்கா. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு இதே கூத்துதான். அவங்க செத்தே மூணு வருஷமாச்சு. எல்லாத்தையும் தொடைச்சு விடு லா!”

அவன் திருநீற்றை ஊதினான். பெட்டியின் மேல் காய்ந்துபோயிருந்த சந்தனப் பொட்டையும் சுரண்டி எடுத்தான். கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது. எரிச்சலில் ஆபீஸைப் பூட்டிவிட்டு இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது, பட்டியல் திரையில் இருந்தது. பெட்டியின் மேல், சுரண்டிய இடத்தில் புதிதாக இருந்த பொட்டில் சந்தனம் இன்னும் காயவில்லை.