கோபத்துக்குத் திறக்காத கத்தி

என்னிடம் கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்திகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தினம் ஒன்று என் பையில் வரும். சட்டப்படி எல்லாவற்றிலும் பூட்டு உண்டு. பிடித்திருப்பவர் கோபமாக இருந்தால் திறக்காது. எங்கள் வீட்டில் முதன்முதலில் டிகிரி வாங்கியவள் நான். இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கத்திகூட எனக்குத் திறக்கவில்லை. கொய்யாவைக் கடித்தே தின்கிறேன்.

நேற்று மேனேஜர் சபாநாயகத்தின் அடையாள அட்டைக் கயிறு, காகிதம் அரைக்கும் மெஷினில் மாட்டிக்கொண்டது. மெஷின் மெல்ல மெல்ல அவர் கழுத்தை இழுத்தது. சுவிட்ச் அவர் தொப்பைக்கும் மெஷினுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. கத்தரிக்கோலுக்கும் அதே பூட்டுதான். ஓடி வந்த யாருக்கும் திறக்கவில்லை.

"பொற்கொடி, உன் கத்திய எடும்மா," என்றார் மேனேஜர்.

எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். திறக்கவில்லை.

"கோபப்படாதம்மா, ப்ளீஸ்."

"மீட்டிங்ல என்ன சார் சொன்னீங்க? அப்பன் ஆத்தா படிக்காத வீட்லேர்ந்து வந்தா இப்படித்தான்னு?"

"தப்புதாம்மா."

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நான் சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க."

என் நெஞ்சு குளிர்ந்தது. கத்தி படக்கென்று திறந்தது. கயிற்றை அறுத்தேன்.

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே, "படிச்ச பொண்ணு, இதுக்கு இவ்வளவு நேரமா?" என்றார்.

கத்தி என் கையிலேயே மடங்கிக்கொண்டது.