கரடிக்கென்று வாங்கிய துவக்கு

துவக்கின் அடியிலிருந்த லீவர் இன்னும் பாதியில் முரண்டு பிடித்தது.

அவர் துவக்கைச் சாப்பாட்டு மேசையில், பழைய துவாயின் மேல் கிடத்தினார். குழலுக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்தார். பிறகுதான் துணியை எடுத்தார்.

புதுத் துவக்கு கிறீஸில் தோய்ந்து வரும். துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசுவது. அதை ஒட்டத் துடைத்து மெல்லிய எண்ணெய் விடாவிட்டால் குளிரில் களிபோல் இறுகும்.

கனடாவின் வடக்கு. குளிருக்குக் குறைவில்லை. பின்வளவைத் தாண்டினால் ஊசியிலைக் காடு.

லீவரைக் கீழே தள்ளினால் மூன்று வேலை நடக்கிறது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே எறியப்படுகிறது. சுத்தியல் பின்னுக்குச் சாய்ந்து தயாராகிறது. அடுத்த தோட்டா மேலே எழும்புகிறது. லீவரைத் திரும்ப இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்குள் போய் அமர்கிறது.

ஆனால் முழுவதும் தள்ள வேண்டும். பயத்தில் கை பாதியில் திரும்பினால் தோட்டா குறுக்கே சிக்கும்.

அப்போது அது வெறும் தடி.

அவர் எண்ணெய் பூசுவதை மனைவி சிவமலர் அடுப்படியிலிருந்து பார்த்தாள். தன் தலைக்கு ஒருநாளும் இப்படி வைத்துவிட்டதில்லையே என்றாள். சிரிக்கவில்லை.

துவக்கு வந்த நாளிலிருந்து அவள் இந்த மேசையில் சாப்பிடுவதில்லை.

மகன் கஜன் மார்கழியில் போனான். பனி மூடிய சாலையில் அவன் ஓட்டிய லொறி ஆற்றுக்குள் இறங்கியது.

அடுத்த அமாவாசையில் அவள் பின்வளவில் சோறு வைத்தாள். தாய் பிள்ளைக்குப் படைப்பது முறையில்லை என்று யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர் தொலைபேசியில் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

காகம் இறங்கவில்லை. இந்த ஊர்க் காகங்கள் பெரியவை. வேலியில் இருந்து பார்த்துவிட்டுப் பறந்தன. சோறு உறைந்து கல்லானது.

பனிக்காலம் முழுக்க அப்படித்தான்.

காகம் தொடாவிட்டால் போனவனுக்கு மனக்குறை. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நித்திரை கொள்ளவும் இல்லை.

சித்திரை அமாவாசையில் தட்டு நக்கித் துடைத்ததாகக் கிடந்தது.

அன்றிரவு அவள் தூங்கினாள்.

வைகாசியில் அவர் பார்த்தார். கறுப்புக் கரடி. குளிர்காலத் தூக்கம் கலைந்து, விலா தெரிய வந்து, கத்தரிக்காய்க் குழம்போடு சோற்றைத் தின்றது. சிவமலர் படியில் இருந்தாள். அது எட்டினால் அவளைத் தொட்டிருக்கலாம்.

சோறு வைக்காதே என்றார். கெஞ்சினார். கத்தினார். வனவிலங்கு அலுவலர் ஒருவர் வந்து, மனிதர் சோறு தின்று பழகிய கரடி ஒருநாள் மனிதர் மேலேயே பாயும் என்று விளக்கினார். அலுவலர் சொன்னதை அவர் வரிக்கு வரி சிவமலருக்குத் தமிழில் சொன்னார்.

சிவமலர் முழுவதும் கேட்டாள்.

"வாறவனை வேண்டாமெண்டு திருப்பிவிடச் சொல்லுறியளோ?"

 அவர் துவக்கு உரிமத்துக்கு எழுதிப் போட்டார்.

உரிமமும் துவக்கும் வர ஆடியும் கழிந்தது. கரடிக்கு அமாவாசை தெரியாது. இடைநாட்களிலும் வந்து படியை முகர்ந்துவிட்டுப் போனது.

தோட்டா போடும் வாய் துவக்கின் வலப்பக்கத்தில் இருந்தது. சிறு கதவுபோல ஒரு வில்லுத்தகடு. அதன் விளிம்பு அவருடைய பெருவிரலைக் கிழித்தது. சாணைக்கல்லால் விளிம்பை மட்டும் மழுக்கினார். அதிகம் தேய்த்தால் தகடு தளர்ந்துவிடும்.

மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு லீவரைத் தள்ளி இழுத்தார். தள்ளி இழுத்தார். இரும்பு இரும்போடு பழக வேண்டும். வீடு முழுக்க அந்தச் சத்தம்.

ஊருக்கு வெளியே மணற்குழியில் தாளைக் கட்டிச் சுட்டுப் பார்த்தார். குண்டுகள் இடப்பக்கம் விழுந்தன. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, குறிபார்க்கும் பின்பக்கத் தகட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். பித்தளைத் துண்டை வைத்துத் தட்டினார். மயிரிழை.

அடுத்த குண்டு நடுவில் விழுந்தது.

அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பிறகு அது போய்விட்டது.

அமாவாசை. நண்பகல்.

அடுப்படி ஜன்னலை ஒரு சாண் திறந்து குழலைச் சட்டத்தில் வைத்தார். லீவரை முழுவதும் தள்ளி இழுத்தார். எதுவும் சிக்கவில்லை.

சிவமலர் தட்டோடு வெளியே போனாள். வழக்கமாகத் தட்டை வைத்துவிட்டுப் படிக்குத் திரும்புவாள்.

இன்று திரும்பவில்லை. தட்டுக்கு இப்பால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மண்ணில் இருந்தாள்.

காட்டோரம் அசைந்தது.

அவர் படுக்கையறை ஜன்னலுக்கு ஓடினார். அவள் திரும்பிப் பாராமலே அந்த ஜன்னலுக்கும் மறைப்பாக நகர்ந்து குந்தினாள்.

குழல் முனையின் குறிமுள்ளில் அவளுடைய நரைத்த கொண்டை. அதற்கு அப்பால் ஒரு கறுத்த முதுகு குனிந்தது.

சுத்தியல் பின்னுக்குச் சாய்ந்திருந்தது. இந்த நிலையில் ஒரு விரல் தொட்டால் போதும்.

அவர் விரலை விலக்கிக் குழலை வானத்துக்கு உயர்த்தினார்.

வெளியே அவள் பேசுவது கேட்டது. கஜனோடு சாப்பாட்டு மேசையில் பேசும் குரல்.

"ஆறுதலாச் சாப்பிடு, அப்பன். அப்பா பாத்துக்கொண்டுதான் நிக்கிறார்."