கண்ணாடி தேடும் சுவர்க்கோழிகள்

இறந்தவர்களின் குரலைச் சுவர்க்கோழிப் பூச்சிக்குள் வைத்துத் தருகிற காலம் அது. கணவர் போன பிறகு மரகதமும் ஒரு ஜோடி வாங்கினாள். அவர் வாழ்நாளில் அதிகம் பேசிய வாக்கியத்தைத்தான் அவற்றுக்குள் வைத்திருந்தார்கள்: "மரகதம், என் கண்ணாடியப் பாத்தியா?"

பெண் பூச்சி கறிவேப்பிலைத் தொட்டி மண்ணில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அடுக்குமாடி முழுக்கக் கண்ணாடி தொலைந்தது.

"ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரர் எங்க பாத்ரூம்ல கண்ணாடி தேடுறாரு. நான் எப்படிக் குளிக்கிறது?" என்று வந்து நின்றாள் கீழ்வீட்டு ரெஹானா. பின்னால் பூச்சிமருந்து அடிக்கிறவர் நின்றார். "பதில் சொன்னா அடங்கிடுமாமே, சொல்லிடுங்களேன். இல்லேன்னா மருந்துதான்" என்றாள் ரெஹானா.

அடங்கிவிடும் என்று மரகதத்துக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் மாடிப்படியில் நின்று, "தலையிலதான் இருக்குங்க" என்றாள்.

கட்டடமே அமைதியானது. ரெஹானா மருந்துக்காரரைத் திருப்பி அனுப்பினாள். மரகதம் உள்ளே வந்து தனியாக உட்கார்ந்தாள்.

கறிவேப்பிலைத் தொட்டியில் அப்போதுதான் பொரிந்த ஒன்று கீச்சுக்குரலில் ஆரம்பித்தது: "மரகதம், என் கண்ணாடியப் பாத்தியா?"

பதில் வந்துவிடாமல் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.