சேற்றின் நிறம்

ஹூசும் ஊர்க் கடலோரக் கரையணையின் புல்சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்க, வீப்கே தன் ஓவியத்தாங்கியின் முன் நின்று, கடல் விட்டுப்போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீர் வழக்கம்போல் உள்வாங்கி அடிவானம்வரை போய்விட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அவளுடைய அண்ணி கேஷே தேநீரை ஊதிக் குடித்தபடி வரைவதற்குத் தண்ணீர் திரும்பக் காத்திருக்கிறாள். "கடலே இல்லாம எதைடி வரையற?" என்கிறாள். இத்தனை வருடமும் வீப்கே, அண்ணி வரைகிற நீல அலைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறாள். கண்காட்சிக்கு வருகிறவர்கள் அவளுடைய படத்தைக் கேஷேயின் படம் என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். இப்போது மேகம் விலகி, சேற்றின் மேல் சாய்வெயில் விழுகிறது. வெறும் பழுப்பென்று அவள் நினைத்திருந்த சேற்றில், நீரோடிய தடமெல்லாம் ஊதா. நண்டு கீறிய இடத்தில் மீன்வயிற்று வெள்ளி. இது எங்கிருந்து வருகிறது? வண்ணம் தீட்டும் கத்தியால் வண்ணக்குழம்பை அள்ளிப் படத்தில் அப்புகிறாள், விரலால் இழுக்கிறாள். "நீலம் தீந்துபோச்சா? என்கிட்ட எடுத்துக்கோயேன்" என்கிறாள் கேஷே. "வேணாம் அண்ணி." இன்னும் கொஞ்சம் ஊதாவைத் தேய்க்கிறாள். தூரத்தில் தண்ணீர் சலசலத்துத் திரும்புகிறது. தூரிகையை எடுக்க எழுந்த கேஷே, வீப்கேயின் படத்தருகே வந்ததும் நின்றுவிடுகிறாள். படத்தைப் பார்க்கிறாள், சேற்றைப் பார்க்கிறாள், மறுபடி படத்தை. "அந்த மினுமினுப்புக்கு என்னடி கலந்த?" வீப்கே குனிந்து தன் வண்ணப்பலகையைத் துழாவுகிறாள். "தெரியலையே அண்ணி! இருங்க, இன்னொரு தடவை பண்ணிப் பாக்கறேன்."