நகிசாவின் இடது கை

அகிதா நகர விளையாட்டரங்கின் உயரமான சன்னல்கள் வழியே மாலை வெயில் மல்யுத்த மேடைமேல் சாய்ந்து விழுகிறது. இருபத்திரண்டு வருடமாக விழுந்து விழுந்து எழுந்த நகிசா இப்போது மல்லாந்து கிடக்கிறாள். சற்றுமுன் அவளை எதிர்த்து ஆடும் இளையவள் துருமி அவளைத் தூக்கிப் பின்னால் எறிந்தபோது, தோளுக்குப் பதில் கழுத்து தரையில் மோதியது. ரசிகர்கள் வீசிய காகிதச் சுருள் ஒன்று கயிற்றில் சிக்கி ஆடுகிறது. "எழுந்திரு நகிசா!" என்று முன்வரிசையில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார். அடுத்த பிடி போடுவதுபோல் குனிந்த துருமி, அவள் காதோரம், "அக்கா, ஏதாவது பேசுங்கக்கா," என்கிறாள். நடுவர் கனெகோ மண்டியிட்டு நகிசாவின் இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறார். "ஒண்ணுமில்லேன்னா என் கைய அழுத்தும்மா." கூட்டம் தாளம் தப்பாமல் கை தட்டுகிறது. நகிசா பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் விரல்களுக்கு அனுப்புகிறாள். கனெகோவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுகிறது. "அழுத்தும்மா," என்கிறார் மறுபடியும், இன்னும் மெல்ல. "அழுத்திட்டுத்தானே இருக்கேன்!" என்கிறாள் நகிசா. கனெகோ அந்தக் கையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லித் தன் இரு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகத் தூக்குகிறார்.